பேச்சுத் தேர்வில் அருங்காட்சியகம்: போகாத இடத்தைப் புகழ்வது முதலான சில தவறுகள்

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுத் தேர்வுக்குத் தயாராகும் நம் மாணவர்களைத் தேவையில்லாமல் மிரட்டும் தலைப்புகளில் அருங்காட்சியகமும் ஒன்று. சொந்த ஊர், சாப்பாடு, கைப்பேசி என்றால் மடமடவென்று பேசிவிடுகிறவர்கள், 'டூ யூ லைக் மியூசியம்ஸ்?' என்ற கேள்வி வந்ததும் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மேடையில் ஏறிவிட்டதுபோல் விறைத்துப் போகிறார்கள். வரலாறு தெரியுமா என்று தங்களைச் சோதிக்கிறார்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். மூன்று பகுதிகளாக 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும் இந்தப் பேச்சுத் தேர்வில் தங்குதடையின்றித் தொடர்பாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பு உண்டு. அருங்காட்சியகத்தைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. 'எனக்கு அருங்காட்சியகம் என்றாலே தூக்கம் வரும்' என்பதை நல்ல ஆங்கிலத்தில் சொல்லிக் காரணமும் தருபவர், 'மியூசியம்ஸ் ஆர் தி ட்ரெஷர் ஹவுசஸ் ஆஃப் அவர் கல்ச்சர்' என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவரைவிட நிச்சயமாக நன்றாகச் செய்திருக்கிறார்.

மனப்பாடத்தின் அண்ணன் ஒருவன் உண்டு: போகாத இடத்துக்குப் போனதாகச் சொல்வது. இரண்டாம் பகுதியில் தேர்வாளர் ஓர் அட்டையைத் தருவார். 'நீங்கள் பார்த்த ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது போன்ற தலைப்பும், அதன் கீழே எங்கே, எப்போது, யாருடன், என்ன பார்த்தீர்கள் என்று சில குறிப்புகளும் இருக்கும். யோசிக்க ஒரு நிமிடம், பேச ஒன்று முதல் இரண்டு நிமிடம். பயிற்சி வகுப்பில் ஒரு மாணவி இந்த அட்டைக்கு பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். மோனாலிசா, கண்ணாடிப் பிரமிடு, உலகின் மிகப் பெரிய அருங்காட்சியகம் என்று முதல் முக்கால் நிமிடம் பிசிறில்லாமல் போனது. பேசி முடித்ததும் தேர்வாளர் ஓரிரு சிறு கேள்விகள் கேட்பது வழக்கம் என்பதால், 'உடன் வந்தவருக்கும் அந்த இடம் பிடித்திருந்ததா?' என்று கேட்டேன். வெகுநேரம் மௌனம், பிறகு 'யெஸ், ஹீ லைக்' என்று ஒரு பதில். அதுவரை கட்டிய கோட்டை அந்த மூன்று சொல்லில் சரிந்தது. பொய் சொன்னதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கப்போவதில்லை. ஆனால் பார்க்காத இடத்தைப் பற்றிப் பேசும்போது விவரங்களைக் கற்பனை செய்யும் வேலையும் ஆங்கில வாக்கியம் அமைக்கும் வேலையும் ஒரே நேரத்தில் தலையில் விழுகின்றன. முதலில் தடுமாறுவது ஆங்கிலம்தான்.

அதே மாணவி ஐந்தாம் வகுப்பில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போனவர். 'அது சாதாரண இடம்தானே சார், அதைப் போய் எப்படிச் சொல்வது?' என்றார். 1851இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்றான, சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும் அமராவதிச் சிற்பங்களுக்கும் உலகப் புகழ் பெற்ற அந்த இடம் சாதாரணமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவருக்கு அங்கே நினைவிருந்தது திமிங்கலத்தின் எலும்புக்கூடும், அதன் கீழே நின்று வகுப்பாசிரியை தலைகளை எண்ணியதும், புளிசாதப் பொட்டலம் பையிலேயே பிரிந்து கொட்டியதும்தான். இரண்டு நிமிடம் பேச இதற்கு மேல் என்ன வேண்டும்? பழைய சென்னைவாசிகள் உயிரியல் பூங்காவை 'உயிர் காலேஜ்' என்றும் இந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்லி வந்ததை வீட்டில் கேட்டிருந்தால், அதை ஆங்கிலத்தில் விளக்க முயல்வதே நல்ல பயிற்சி: 'மை க்ராண்ட்மதர் யூஸ்டு டு கால் இட் தி டெட் காலேஜ்' என்று தொடங்கினால், கடந்தகாலப் பழக்கத்தைச் சொல்லும் 'யூஸ்டு டு' அமைப்பு தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

யோசிக்கத் தரும் ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்களை எழுதத் தொடங்குவது அடுத்த தவறு. இரண்டு வாக்கியம் எழுதுவதற்குள் நேரம் தீரும். பிறகு அவற்றைத் தாளைப் பார்த்து வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டு, மூன்றாவதற்கு வழியில்லாமல் நிற்க நேரிடும். 'திமிங்கலம், டீச்சர், புளிசாதம், பாட்டி' என்று நான்கு சொற்கள் போதும். தமிழில் எழுதிக்கொண்டாலும் கேட்பாரில்லை. இரண்டு நிமிடம் முடிந்து தேர்வாளர் இடைமறித்தால், சரியாகப் பேசவில்லை என்று பொருளல்ல.

இலக்கணத்தில் இந்தத் தலைப்பு நம்மை வழுக்கிவிடும் இடம் காலம். தமிழில் 'போன வருஷம் கீழடிக்குப் போயிருக்கிறேன்' என்று சொன்னால் ஒரு குறையும் இல்லை. அதை அப்படியே ஆங்கிலமாக்கி, 'லாஸ்ட் இயர் ஐ ஹேவ் விசிட்டட் கீழடி' என்று சொல்வதுதான் நான் மிக அதிகமாகக் கேட்கும் பிழை. 'லாஸ்ட் இயர்', 'இன் 2023', 'வென் ஐ வாஸ் இன் ஸ்கூல்' என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஆங்கிலத்தில் 'ஹேவ்' அங்கே நிற்க முடியாது. 'லாஸ்ட் இயர் ஐ விசிட்டட் கீழடி' என்றுதான் வரவேண்டும். எப்போது என்று சொல்லாமல், போன அனுபவம் உண்டு என்பதை மட்டும் சொல்லும்போது 'ஐ ஹேவ் பீன் டு கீழடி' சரி. அனுபவத்தை முதலில் 'ஹேவ் பீன்' கொண்டு அறிவித்துவிட்டு, விவரத்துக்கு இறங்கும்போது சாதாரண இறந்தகாலத்துக்கு மாறுவது ஆங்கிலத்தின் இயல்பு. மேல்நிலை மதிப்பெண்ணை எதிர்பார்ப்பவர்கள் இந்த மாற்றத்தைப் பழகியே ஆகவேண்டும்.

'பெரிய பெரிய சிலைகள், பழைய பழைய நாணயங்கள்' என்று நாம் இரட்டிப்பதற்குத் தமிழில் ஓர் அழகு உண்டு. 'பிக் பிக் ஸ்டாச்சூஸ், ஓல்டு ஓல்டு காயின்ஸ்' என்பதற்கு ஆங்கிலத்தில் அந்த அழகு இல்லை; 'ஹியூஜ் ஸ்டாச்சூஸ்', 'காயின்ஸ் ஃப்ரம் தி சோழா பீரியட்' என்று சொல்லலாம். 'வீ கேன் ஏபிள் டு சீ' என்பதில் 'கேன்', 'ஏபிள்' இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் ஒன்று போதும். 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் ஹிஸ்டரி' என்றால் நானே சுவையான ஆள் என்று பொருள்பட்டுவிடும். ஆர்வம் கொண்டவர் 'இன்ட்ரஸ்டட்', ஆர்வமூட்டும் பொருள் 'இன்ட்ரஸ்டிங்'. 'தி கைடு எக்ஸ்ப்ளெய்ன்டு அபௌட் தி பிரான்ஸஸ்' என்பதில் 'அபௌட்' வேண்டியதில்லை. 'ஐ வென்ட் டு மியூசியம்' என்பதில் 'எ' அல்லது 'தி' விடுபட்டிருக்கிறது. தமிழில் இப்படி ஒரு சொல் கட்டாயம் இல்லாததால் இதை நம் காது கண்டுபிடிப்பதில்லை, பதிவுசெய்து கேட்டால்தான் தெரியும்.

உச்சரிப்பில் யாரும் லண்டன்காரர்போலப் பேசத் தேவையில்லை, தமிழ்ச் சாயல் இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் தலைப்புச் சொல்லையே பிழையாகச் சொல்லக் கூடாது. 'மியூசியம்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழவேண்டும், அங்குள்ள 'ஸ' ஒலியும் தேனீ ரீங்கரிப்பதுபோல் தொண்டை அதிரும் ஒலி. நாமோ முதல் அசையை அழுத்தி, நடுவில் சாதாரண 'சி' போட்டுவிடுகிறோம். 'எக்ஸிபிட்' என்ற சொல்லில் எழுத்தில் இருக்கும் 'ஹ' வாயில் வராது. 'ஆர்க்கியாலஜி'யை 'ஆர்ச்சியாலஜி' என்பதும், 'ஏன்ஷியன்ட்' என்பதை 'ஆன்சியன்ட்' என்பதும், 'ஸ்டாச்சூ'வுக்கு முன்னால் ஓர் 'இ' சேர்த்து 'இஸ்டாச்சூ' ஆக்குவதும் நம் பக்கத்தில் வழக்கமானவை.

உங்களைப் பற்றிய சிறு கேள்விகள் வரும் முதல் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'யெஸ்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தவும் வேண்டாம், அங்கேயே கதையைத் தொடங்கவும் வேண்டாம். இரண்டு மூன்று வாக்கியம் போதும். வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார், மேடம்' சேர்ப்பது நம்மைப் பொறுத்தவரை மரியாதை. அங்கே அது பேச்சை வெட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை.

மூன்றாம் பகுதியில்தான் நன்றாகப் பேசி வந்தவர்களும் இடறுகிறார்கள். அங்கே கேள்விகள் உங்களை விட்டு ஊருக்கும் உலகுக்கும் நகர்கின்றன: அருங்காட்சியகங்களில் கட்டணம் வாங்கலாமா, இணையத்திலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட முடிகிறபோது நேரில் போவானேன், வேறு நாட்டிலிருந்து வந்த பொருள்களைத் திருப்பித் தரவேண்டுமா. இவற்றுக்கும் 'வென் ஐ வென்ட் டு எழும்பூர்' என்று பழைய கதையையே தொடர்வது கேள்வியைத் தவறவிட்டதாகும். முதலில் பொதுவான நிலைப்பாடு, பிறகு காரணம், அதன் பிறகு ஓர் உதாரணம் என்ற வரிசையில் போனால் பேச்சுக்கு முதுகெலும்பு கிடைக்கும். கட்டணக் கேள்வி வந்தால், லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களை இலவசமாகப் பார்க்கலாம் என்பதையும், லூவரில் நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும் என்பதையும் ஒப்பிடலாம். லூவரை இங்கே இழுப்பதில் தவறில்லை, போனதாகச் சொன்னால்தான் சிக்கல்.

திருப்பித் தரும் கேள்விக்கு நம்மிடம் கைவசம் உள்ள உதாரணம் ஸ்ரீபுரந்தான் நடராசர். அரியலூர் மாவட்டக் கோயிலில் திருடப்பட்ட அந்தச் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. திருட்டுப் பொருள் என்று வெளிவந்தபின் 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டு மறந்துபோனால் 'எ ஃபியூ இயர்ஸ் அகோ' என்று கடந்துவிடலாம், அதற்காக நின்று யோசித்தால் பேச்சின் ஓட்டம்தான் கெடும். இந்தச் செய்தியில் 'வாஸ் ஸ்டோலன்', 'வாஸ் ரிட்டர்ன்டு' என்ற செயப்பாட்டு வினைகளும், 'இஃப் தே ஹேட் செக்டு தி பேப்பர்ஸ், தே வுட் நாட் ஹேவ் பாட் இட்' என்ற நிபந்தனை வாக்கியமும் தாமாகவே தேவைப்படும். கேள்வியே புரியவில்லை என்றால் ஊகித்து ஏதோ சொல்லி வைக்காமல், 'குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் வாட் யூ மீன்?' என்று கேட்டுவிடுங்கள். மூன்றாம் பகுதியில் தேர்வாளர் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்பார்.