உபுண்டு வந்திட்டுது, விண்டோஸைக் காணேல்லை

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டுத் தம்பி கம்பஸ் புரொஜெக்டுக்காக, விண்டோஸ் இருந்த லப்டொப்பிலேயே அதோடு சேர்த்து உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டான். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினான். "அண்ணா, உபுண்டு நல்லா வேலை செய்யுது. விண்டோஸ்தான் நீல ஸ்கிரீன்ல ஏதோ 48 இலக்க நம்பர் கேக்குது."

அது பிட்லொக்கரின், அதாவது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியின், மீட்புக் குறியீடு. விண்டோஸ் 11 வரும் பல லப்டொப்களில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தாலே டிஸ்க் தானாகக் குறியாக்கத்தால் பூட்டப்பட்டுவிடும், யாரும் கேட்டுச் செய்வதில்லை. அதைத் திறக்கும் சாவி மெஷினிலுள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் பொறுப்பில் இருக்கும். இயந்திரம் எழும்பும் விதம் மாறினால் அது சாவியைத் தராது. தம்பி ஏதோ வீடியோவைப் பார்த்து 'செக்யூர் பூட்' என்ற, கையொப்பமுள்ள மென்பொருளால் மட்டும் மெஷினை எழும்ப விடும் பாதுகாப்பை அணைத்திருந்தான். குறியீடோ மைக்ரோசொஃப்ட் கணக்கில் கிடக்கிறது, அந்தக் கணக்கை லப்டொப் வாங்கிய கடையில் யாரோ தங்கள் ஈமெயிலால் திறந்திருந்தார்கள்! பயோஸில், அதாவது மெஷினின் அடிப்படை அமைப்புத் திரையில், செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டு, உபுண்டுவோடு வரும் கிரப் என்ற தொடக்க மெனு வழியாகப் போகாமல் நேரே விண்டோஸ் பூட் மேனேஜரைத் தெரிவுசெய்தோம். திறந்தது. எல்லாருக்கும் இப்படித் திறக்கும் என்று நம்பிவிடாதீர்கள். முதலிலேயே குறியீட்டை எடுத்து, லப்டொப்புக்கு வெளியே ஓரிடத்தில் எழுதி வையுங்கள், அல்லது குறியாக்கத்தை முழுதாக நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். உபுண்டுவுக்காக செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. அதன் பூட் கோப்பு மைக்ரோசொஃப்ட் கையொப்பத்தோடுதான் வருகிறது.

நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான்: திட்டு லினக்ஸுக்கு, பிழை விண்டோஸில் செய்யாமல் விட்ட வேலையில்.

இன்னொன்று, உபுண்டு இன்ஸ்டோலரில் டிஸ்க்கே தெரியாமல் போவது. பம்பலப்பிட்டிக் கடைகளுக்கு "எஸ்எஸ்டி பழுது" என்று தூக்கிக்கொண்டு ஓடியவர்களையும் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் இன்டெல் மெஷின்களில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் அமைப்பு டிஸ்க்கை மறைத்து வைத்திருக்கும். பயோஸில் அதை மாற்றினால் டிஸ்க் தெரியும், ஆனால் எடுத்தவுடன் மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் (அடிப்படைக் கூறுகளோடு மட்டும்) தொடங்கும்படி அமைத்து, பிறகு பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றிய பின் வழமைக்குத் திருப்புங்கள். இதற்கும் பிட்லொக்கர் குறியீடு கையில் இருக்க வேண்டும்.

விண்டோஸை வேகமாக எழும்ப வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணையுங்கள். அது இருக்கும்வரை 'ஷட் டவுன்' உண்மையான ஷட் டவுன் இல்லை, அரைத்தூக்கம். அந்த நிலையில் உபுண்டு சி டிரைவை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது.

உபுண்டுவுக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். அந்த நேரம் கரண்ட் போனால் கதை கந்தல். 2022இல் மணிக்கணக்கில் இருட்டில் இருந்த ஊருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் பற்றரி செத்த லப்டொப்பை வயரில் மட்டும் நம்பி இதைச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஸ்டோலரில் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற தெரிவு கண்ணுக்கு முன்னால் நிற்கும். அவசரத்தில் அதை அழுத்தினால் அம்மாவின் கல்யாணப் படங்களும் சேர்ந்து போகும். பக்கப்பிரதி எடுக்காமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பழைய மெஷினென்றால் இன்னொன்றையும் பாருங்கள்: விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் இருந்தால் உபுண்டு இன்ஸ்டோலர் உள்ள பென் டிரைவையும் அதே முறையில் பூட் பண்ணுங்கள். கலந்தால் இரண்டும் ஒரே மெனுவில் வராது.

பிறகு ஒரு நாள் உபுண்டு வேண்டாமென்று அதன் பகுதியை மட்டும் அழித்துவிடுவார்கள். கிரப் தன் கோப்புகளைக் காணாமல் அடுத்த முறை கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்று நிற்கும். முதலில் பயோஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அழித்திருந்தால் இந்தத் தலையிடி இல்லை.

மூன்று நாள் கழித்துத் தம்பி திரும்பவும் வந்தான். பின்னேரம் 3 மணி, விண்டோஸ் காலை 9.30 என்கிறது. உபுண்டு மெஷின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று வாசிக்கும். எங்களுக்கு அந்த இடைவெளி ஐந்தரை மணித்தியாலம். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் மெஷின் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டோம். அதற்குள் அவன் ஒன்லைன் வகுப்பு ஒன்றைத் தவறவிட்டிருந்தான்.