சைக்கிள் பயணத்தில் வழியில் இருப்பவர்கள் உதவியை வாங்கும்போது செய்யும் தவறுகள்

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று போய் தச்சூர் கூட்டுரோட்டில் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தால், நெல்லூர் இரண்டு நாள் மிதி. நான் முதலில் கிளம்பிய நீண்ட பயணம் அதுதான். பையில் என்னென்ன வைக்கலாம் என்று ஊரெல்லாம் கேட்டேன். வழியில் ஒருவர் தண்ணீர் கொடுத்தால் எப்படி வாங்குவது என்று கேட்கத் தோன்றவில்லை.

எண்ணூர் தாண்டி ஒரு குப்பத்தில் ஒரு அக்கா சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு சொம்பு எடுக்க உள்ளே போனார். அப்போதுதான் வரிசையாக வைத்திருந்த குடங்கள் தெரிந்தன. லாரித் தண்ணீர். தண்டையார்பேட்டையில் லாரிச் சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடி வளர்ந்தவன் நான். எனக்கே உறைக்கவில்லை என்பது இன்றும் மனதை அறுக்கிறது. கொடுக்கிற வீட்டில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். முகம் கழுவ அடிபம்பு எங்கே என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது பணம். கஞ்சி ஊற்றிக் கொடுத்த வீட்டில் பர்ஸை எடுக்காதீர்கள், அவர்கள் முகம் வாடிவிடும். உட்கார்ந்து சாப்பிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். பஞ்சர் கடை அப்படியில்லை. "வேணாம்பா, போய்ட்டு வா" என்று அண்ணன் சொன்னாலும் கூலியைக் கையில் வைத்துவிடுங்கள். அது அவர் பிழைப்பு.

உதவ நினைப்பவருக்கு உதவ வழியில்லாமல் செய்வதும் தவறுதான். மீஞ்சூர் பக்கம் லாரி டயர் கடைகள் உண்டு. ஆனால் உங்கள் சைக்கிளில் மெலிந்த பிரெஸ்டா வால்வு இருந்தால் அவர்களுடைய காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். லாரிக்கு அடிக்கிற வேகத்தில் விட்டால் டியூப் வெடித்துவிடும்.

இருட்டிய பிறகு கதவைத் தட்டி இடம் கேட்காதீர்கள். நல்ல மனசுக்காரருக்கும் பயம் வரும். ஐந்து மணிக்கே டீக்கடையில், நாலு பேர் முன்னால் கேளுங்கள். எத்தனை பேர், காலையில் எப்போது கிளம்புவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு மனம் ஒப்பாத இடமென்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆரம்பாக்கம் தாண்டித் தடா வந்தால் ஆந்திரா. அங்கே ஆங்கிலத்தில் கேட்பதைவிட "மஞ்சி நீள்ளு" என்று கேட்டுப் பாருங்கள். நாம் நல்ல தண்ணீர் என்கிறோமே, அதே பொருள்தான். கேட்டதும் சிரித்துவிடுவார்கள்.

அப்புறம், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொன்னால் கூப்பிடுங்கள். பொன்னேரியில் டீக்குக் காசு வாங்க மறுத்த ஒரு பெரியவருக்கு அப்படிச் சொல்லி நம்பரும் கொடுத்திருந்தேன். நெல்லூர் சேர்ந்த அலுப்பில் மறந்து தூங்கிவிட்டேன். இரவு பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார்: "போய்ச் சேந்துட்டியாப்பா?"