போர் அடிச்சா ஃபோனை எடுக்காதீங்க, பென்சிலை எடுங்க

படம் வரையிறதுதான் என் வேலை, ஐடியாவே வரமாட்டேங்குதுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குறது, கடைசியா எப்ப சும்மா உக்காந்திருந்தீங்கன்னுதான். பல பேருக்கு ஞாபகமே இருக்காது.

அதனால முதல் வேலை, ஃபோனை வேற ரூம்ல வச்சிட்டு ஒரு 20 நிமிஷம் வெறும் பேப்பரோட உக்காருங்க, பாட்டு கூட வேணாம். ஆரம்பத்துல கை பரபரங்கும், கட்ட வேண்டிய பில்லு, பதில் போடாத மெசேஜ் எல்லாம் மண்டைக்குள்ள வரிசை கட்டும், வரட்டும் விடுங்க, அது ஓஞ்சப்புறம்தான் மனசு தானா அலைய ஆரம்பிக்கும். நாம சும்மா இருக்கும்போதும் மூளை சும்மா இருக்கறதில்ல, அந்த நேரத்துல வேலை செய்யிற பகுதிகளுக்கு டீஃபால்ட் மோட் நெட்வொர்க்னு பேரு, 2001ல மூளை ஆராய்ச்சியாளர் மார்கஸ் ரெய்க்லே குழு இத விளக்கி எழுதினாங்க. பழைய ஞாபகம், இன்னும் நடக்காத விஷயம் எல்லாம் கலந்து ஓடுறது அங்கதான். நமக்கு வேணுங்கிறதும் அந்தக் கலவைதானே.

அடுத்தது சாவி. சேர்ல சாஞ்சு உக்காந்து கையில ஒரு சாவிய லூசா பிடிச்சுக்கோங்க, கீழ ஒரு தட்டு. கண்ணு சொக்குறப்போ சாவி விழுந்து சத்தத்துல முழிப்பு வரும், அந்த நொடியில கண்ணுக்குள்ள என்ன இருந்துச்சோ அத வரைங்க. ஓவியர் டாலி சொன்ன வழி இது. 2021ல பாரிஸ்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, கணக்குப் புதிர்ல ஒளிஞ்சிருந்த குறுக்குவழிய, குறைஞ்சது 15 செகண்ட் அந்த அரைத்தூக்கத்துல இருந்தவங்கள்ல 83 சதவீதம் பேர் கண்டுபிடிச்சாங்க, முழிச்சே இருந்தவங்கள்ல 30 சதவீதம்தான், ஆழ்ந்து தூங்கிட்டவங்க அதவிடக் கம்மி, 14. அதனால கட்டில்ல படுத்துட்டு இத பண்ணாதீங்க, தூக்கம் இழுத்துட்டுப் போயிடும்.

காலைல வர்ற கனவுதான் எனக்கு ரொம்ப முக்கியம். முழிப்பு வந்ததும் புரண்டு படுக்காதீங்க, கண்ண மூடிட்டே கடைசியா பாத்த காட்சிய ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, அப்புறம் தலமாட்டுல இருக்குற நோட்ட எடுத்து முதல்ல வரைங்க, எழுதுறதெல்லாம் பிறகு. ஒரு தடவ தண்ணிக்குள்ள இறங்குற மாடிப்படி கனவுல வந்துச்சு, கடைசிப் படியில ஈரமே படாத ஒரு ஜோடி செருப்பு. அத "தண்ணில வீடு"ன்னு மட்டும் எழுதி வச்சிருந்தா செருப்பு போயே போயிருக்கும். தீப்பெட்டி சைஸ்ல கிறுக்கி வச்சதால, இடது செருப்போட வார் மடிஞ்சிருந்தது வரைக்கும் இருந்துச்சு. மாசக்கணக்கு கழிச்சு, ஆள் யாரையும் காட்டாம தனிமையப் பத்தி ஒரு படம் வேணும்னு கேட்டாங்க, அந்தச் செருப்பத்தான் வரைஞ்சு குடுத்தேன்.

கிறுக்கினத அன்னிக்கே படமாக்கப் பாக்காதீங்க, தேதி மட்டும் போட்டு மூடி வைங்க. ஒரு வாரம் கழிச்சு திறந்து பாக்குறப்போ எது இன்னும் உறுத்துதோ அத எடுத்து பெரிய பேப்பர்ல ஆரம்பிங்க.