'வண்டி நல்லா இருக்கு அண்ணாச்சி': டெஸ்ட் டிரைவர் வேலைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வள்ளியூர், பணகுடி, நாங்குநேரிப் பக்கமிருந்து ரேஸ் ஓட்டணும், டெஸ்ட் டிரைவர் (கம்பெனிக்காக வண்டியை ஓட்டிப் பார்த்துக் குறையைச் சொல்கிற ஆள்) ஆகணும் என்று இப்போது நிறையப் பையன்கள் வருகிறார்கள். கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால், எங்கள் செட்டு அந்தக் காலத்தில் அடித்த கூத்தையே அச்சுப் பிசகாமல் அடிக்கிறார்கள். பெல்ட் போடு, தூக்கக் கலக்கத்தில் ஓட்டாதே, குடித்துவிட்டு வராதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவனுக்கு இந்த வேலையே வேண்டாம்.

நிலத்தை விற்றுக் கார் வாங்குவது

அப்பாவிடம் மல்லுக்கட்டி அரை ஏக்கரை விற்கவைத்து, பழைய கார் ஒன்றை வாங்கி, சைலன்சரை மாற்றி ஊருக்குள் சத்தம் காட்டுகிறார்கள். அந்தக் காரை எந்தப் பந்தயத்திலும் இறக்க முடியாது. ஒவ்வொரு பிரிவுக்கும் ரோல் கேஜிலிருந்து (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் கம்பிக் கூண்டு) டயர் வரை தனித்தனி விதி உண்டு. ஓட்டுகிறவருக்கு, இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் வேண்டும். தமிழ்நாட்டில் கார்ப் பந்தயத்துக்கென்று இருப்பவற்றில் பழையவை இரண்டு: கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர்; ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, 3.7 கிலோமீட்டர். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் கார் அவர்களுடையது. அதற்கும் முன்னால் ஒருநாள் வாடகை கோ-கார்ட்டில் (சின்னப் பந்தய வண்டி) உட்கார்ந்து பாருங்கள். கழுத்தும் முன்கையும் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிட்டுப் பத்திரத்தைத் தேடலாம்.

ஃபார்முலா ஒன் கணக்கு

இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டியவர்கள் இருவர்தான்: நாராயண் கார்த்திகேயன், கருண் சந்தோக். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதை வைத்து நம் வாய்ப்பைக் கணக்குப் போடக் கூடாது.

மாஞ்சோலை ரோட்டில் பிராக்டிஸ்

வேண்டாம். அது புலிகள் காப்பகம்.

வண்டியின் குறையைக் கையால் மறைப்பது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் கிளப்புவது. நன்றாக ஓட்டத் தெரிந்தவன்தான் இந்தத் தவறைச் செய்வான் என்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

பந்தயத்தில் காரின் முன்பக்கம் வளைவில் வெளியே தள்ளினால், டிரைவர் கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடித்து, வளைவில் போகிற தடத்தை மாற்றி, எப்படியோ சமாளித்து முடிக்க வேண்டும். அதற்குத்தான் அவனுக்குப் பெயர். டெஸ்ட் டிரைவர் அப்படிச் சமாளித்தால் கம்பெனிக்குப் பணம் நஷ்டம். நாராயண் 2005-ல் ஜோர்டான் அணிக்குப் பந்தயம் ஓட்டினார். அடுத்த ஆண்டு வில்லியம்ஸின் டெஸ்ட் டிரைவர். ஆள் ஒருவர்தான், வேலை வேறு.

ஒரு பையனின் கதை. கை சுத்தம், கண் சுத்தம், நல்ல ஓட்டு. ஒரு காரின் நீடித்த ஓட்டச் சோதனைக்குப் போட்டிருந்தார்கள். கங்கைகொண்டானிலிருந்து காவல்கிணறு வரை நான்கு வழிச்சாலையில் போக வேண்டும், திரும்ப வேண்டும். ஆனி மாதம். வள்ளியூர் தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வருகிற மேல்காற்று காரைப் பிடித்து உலுக்கும். பையன் ஷீட்டில் எழுதியது: "போகும்போது நேராகப் போகிறது. வரும்போது காற்று அதிகம், வலதுபக்கம் தள்ளுகிறது. மற்றபடி நன்று."

படித்தால் நியாயமாகத்தான் தெரியும். தெற்கே போகும்போது மேல்காற்று வலப்பக்கம் அடிக்கும். காரை இடதுபக்கம் தள்ள வேண்டும். அப்படியிருக்க நேராகப் போகிறது என்றால், எதுவோ காரை வலதுபக்கம் இழுத்துக் காற்றைச் சரிக்கட்டுகிறது. வடக்கே திரும்பினால் காற்றும் அந்த இழுவையும் ஒன்று சேர்ந்துகொள்ளும். அவன் கை அதற்கேற்ப ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒரு நூல் திருப்பிப் பிடித்துப் பழகிவிட்டது. மூளைக்குத் தகவல் போகவே இல்லை.

காற்று எழும்புவதற்கு முன்னால் விடியற்காலையில் நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். ரோடு இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கிறது. கார் வலதுபக்கம் போகப் பார்க்கிறது.

"ஏலே, ஸ்டியரிங்கை ஏன் கோணலாப் பிடிச்சிருக்கே?"

"இல்லியே அண்ணாச்சி, நேராத்தானே பிடிச்சிருக்கேன். வண்டி நல்லா இருக்கு."

தூக்கிப் பார்த்தால் வலது முன்சக்கரத்தின் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர்) கிழிந்திருந்தது. டயரின் உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரிந்தது. இஞ்சினியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து?" பதில் இல்லை. புஷ் எவ்வளவு ஓட்டத்துக்குத் தாங்கும் என்று பார்க்கத்தான் அந்தச் சோதனையே. ஓடிய ஓட்டம், எரிந்த டீசல், ஆள் சம்பளம் அத்தனையும் கணக்கில் சேராமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

ஆகவே, ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் கொஞ்ச தூரத்தில் உங்கள் கையைக் கவனியுங்கள். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கின் நடுக்கோடு எங்கே நிற்கிறது? பிரேக் பிடித்தால் எந்தத் தோள் இறுகுகிறது? நேற்றைவிட எது மாறியிருக்கிறது? சந்தேகமாக இருந்தாலும் கிலோமீட்டர் ரீடிங்கோடு எழுதுங்கள். காற்றின் மேல் பழியைப் போடுவதற்கு முன் எதிர்த்திசையில் ஒருமுறை ஓட்டுங்கள். காற்றாக இருந்தால் தள்ளும் பக்கம் மாற வேண்டும். ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பார்ப்பதை மூடிய டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓடுகிற ரோட்டில் அல்ல.

மருந்தைச் சொல்வது

"ஸ்பிரிங்கை மாத்துங்க சார்" என்பது வயிற்றுவலிக்குப் போய் டாக்டரிடம் மாத்திரை பேர் சொல்வது போலத்தான். எந்த வேகம், எந்த கியர், வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா என்று சொல்லுங்கள். பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள்; பெரிய ஆள் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக ஏழும் எட்டும் போட வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த மரியாதை நோய் கொஞ்சம் அதிகம்.

ஒரே ஓட்டத்தில் இரண்டு மாற்றம்

எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

டயர் காற்று

குளிர்ந்த டயரில் பார்த்த அளவு வேறு, ஓடி வந்த சூட்டில் பார்ப்பது வேறு. ஷீட்டில் எது என்று எழுதுங்கள். சூட்டில் கூடிப்போச்சே என்று கொஞ்சம் இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அந்த டயர் காற்றுக் குறைந்து நிற்கும். அதை பஞ்சர் என்று எழுதிக் கொடுத்த ஆளும் உண்டு.