உழவைக் குறைத்த கரும்பு வயலில் மண் இறுக்கத்தை அளப்பது எப்படி?

ஆத்தூர், தலைவாசல் வட்டாரத்தில் கரும்பின் காய்ந்த தோகையான சோகையைக் கொளுத்தாமல் பரப்பி, உழவையும் குறைத்து, மறுதாம்பு விட (வெட்டிய கட்டையிலிருந்தே அடுத்த பயிரை வளர்க்க) முன்வரும் விவசாயிகள் முதலில் கேட்பது, உழாமல் விட்டால் மண் இறுகிப்போகாதா என்பதைத்தான். இறுகும், ஆனால் அதில் பெரும்பங்கு, ஈரம் காயாத வயலுக்குள் கரும்பு ஏற்ற வரும் டிராக்டரின் சக்கரத்தால் நேர்வது. ஆகவே கரும்பு வரிசையையும் சக்கரத் தடத்தையும் தனித்தனியே சோதித்த பிறகே கலப்பையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

நீர் பாய்ச்சிய இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், அரை அங்குல இரும்புக் கம்பியை ஒரே சீராக மண்ணில் அழுத்துங்கள். காய்ந்த செம்மண் எந்தக் கம்பியையும் தடுக்கும் என்பதால், உலர்ந்த நாளில் செய்யும் சோதனை ஏமாற்றிவிடும். வயல் முழுவதும் ஏறக்குறைய 20 செ.மீ. ஆழத்தில் கம்பி நின்றால் அது உழவு அடித்தட்டு, அதாவது உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிய மண் அடுக்கு; தடத்தில் மட்டும் நின்றால் சக்கரத்தின் வேலை.

பரும அடர்த்தியை, அதாவது ஒரு கன செ.மீ. மண்ணில் உள்ள உலர்ந்த மண்ணின் எடையை அறிய, 7 செ.மீ. உள்விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள குழாயை மண்ணில் இறக்கி, இரு முனைகளையும் கத்தியால் சமன்செய்து, உள்ளிருக்கும் மண்ணை ஆய்வக அடுப்பில் 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்துங்கள். குழாயின் கொள்ளளவு 385 கன செ.மீ.; உலர்ந்த மண் 616 கிராம் இருந்தால் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.6 கிராம். மணல் கலந்த செம்மண்ணில் 1.8-ஐ நெருங்கினால்தான் வேர் தடைப்படும், களிமண்ணிலோ 1.5 அளவிலேயே தடைப்பட்டுவிடும். எனவே ஒருவருடைய எண்ணை மற்றவருடைய வயலுக்குப் பொருத்தக் கூடாது.

உழவைக் குறைத்த முதல் ஓரிரு ஆண்டுகளில் இந்த எண் சற்று உயர்வதைக் கண்டு பலர் பதறி மறுபடியும் உழுதுவிடுகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மண்புழுத் துளைகளும் மக்கிய பழைய வேர்களின் வழிகளும் கலையாமல் இருந்தால், அடர்த்தி கூடிய மண்ணும் நீரை விரைவாக உள்வாங்கும். இதைக் கண்ணால் பார்க்க, 15 செ.மீ. விட்டமுள்ள தகர வளையத்தைச் சிறிது ஆழம் பதித்து, 440 மி.லி. நீரை ஊற்றுங்கள், அது ஏறத்தாழ 2.5 செ.மீ. உயரம் நிற்கும். முதலில் ஊற்றியது மண்ணை நனைப்பதற்கு. இரண்டாம் முறை ஊற்றியது வடிந்து, மண்ணின் மேல் பளபளப்பு மறையும் வரை ஆகும் நேரமே கணக்கு.

அடித்தட்டு உறுதியானால், மறு நடவுக்கு முன் மண் உலர்ந்திருக்கும்போது மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக் கலப்பையை ஒருமுறை ஓட்டினால் போதும். ஈர மண்ணில் ஓட்டினால் தட்டு நொறுங்காது, கோடு மட்டுமே விழும். அதன்பின் 5 அடி இடைவெளியில் நட்டு, டிராக்டர் எப்போதும் ஒரே தடத்தில் மட்டும் செல்லுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் நீர் பாய்ச்சி அதே எண்ணிக்கை நாள் கழித்து, அதே வரிசையில் வளையத்தைப் பதித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.