லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசையா? முதலில் உங்கள் ஊர் ஊருணி வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள்

பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை "நான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போறேன்" என்று சொன்னால் காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டிலும் முதலில் வருகிற கேள்வி, "தோட்டம் போடுறதுக்கா இத்தனை வருசப் படிப்பு?" என்பதுதான். தோட்டமும் அதில் உண்டு. ஆனால் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், எந்த மண்ணில் எந்த மரம் பிழைக்கும், வெயில் நேரத்தில் ஆட்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று கட்டடத்துக்கு வெளியே இருக்கிற எல்லாவற்றையும் யோசித்து வரைந்து கொடுக்கிற வேலை அது. வீட்டில் இப்படியே சொல்லுங்கள், புரியும்.

சரி, எப்படிச் சேர்வது? நம் நாட்டில் இதற்கென்று தனி இளநிலைப் பட்டம் அரிது. பெரும்பாலும் ஐந்து வருட பி.ஆர்க் (கட்டடக்கலை இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டு, அப்புறம் இரண்டு வருடம் முதுநிலையில் லேண்ட்ஸ்கேப் எடுப்பார்கள். பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே கணக்கும் இயற்பியலும் இருக்கிற குரூப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் மாற்ற முடியாது. பி.ஆர்க் சேர நாட்டா என்கிற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி., டெல்லி எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) மாதிரி இடங்களுக்கு ஜே.இ.இ. மெயினில் ஆர்க்கிடெக்சருக்கான தாள். முதுநிலைக்கு டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் என்று இடங்கள் இருக்கின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நேராக இளநிலையிலேயே இதைப் படிக்கலாம், செலவைத்தான் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி இங்கே பதிவு என்பது ஆர்க்கிடெக்டுக்குத்தான், லேண்ட்ஸ்கேப்புக்குத் தனிக் கவுன்சில் கிடையாது. அதனால் கையில் பி.ஆர்க் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

இதெல்லாம் யாரிடம் கேட்டாலும் கிடைக்கிற விவரம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, கல்லூரிக்குப் போவதற்கு முன்னாலேயே நிலத்தைப் பார்க்கப் பழகுங்கள் என்பது. அதற்குச் செட்டிநாட்டை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தெரிந்தவர் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், நின்று அண்ணாந்து பாருங்கள். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்ளே பார்த்து இறங்கும். விழுகிற மழையை அண்டாவில் பிடித்தது போக மீதி, வளவிலிருந்து வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து, தெருவோடு ஓடி ஊருணியில் சேரும்படி அந்தக் காலத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். வற்றாத ஆறு இல்லாத செம்மண் பூமி, வருகிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையோடு முடிந்துவிடும், அதை வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது. அந்த வீட்டிலிருந்து ஊருணி வரைக்கும் தண்ணீர் போகிற வழியிலேயே நடந்து, ஒரே தாளில் வரையுங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே சிமெண்ட் ரோடு மேடாகி வாசலே பள்ளமாகிவிட்டது என்று குறியுங்கள்.

அடுத்தது சரிவு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப் போதும். ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தம்பியிடமோ தங்கச்சியிடமோ கொடுங்கள். உள்ளே காற்றுக்குமிழி ஒன்று கூட இருக்கக் கூடாது, இருந்தால் அளவு தப்பும். தண்ணீர் ஆடாமல் நின்றதும் தரையிலிருந்து தண்ணீர் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளக்க வேண்டும். இங்கே 90 செ.மீ., அங்கே 105 செ.மீ. என்றால் அந்தப் பக்கம் தரை 15 செ.மீ. இறங்கியிருக்கிறது. இடைவெளி 10 மீட்டர் என்றால் சரிவு 1.5 சதவீதம். கல்லூரியில் கான்டூர் (ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்க்கும் கோடு) என்று வரும்போது பலர் திணறுவார்கள், கையால் ஒரு தெருவை அளந்தவர்களுக்கு அது கோடாகத் தெரியாது, தரையாகவே தெரியும்.

கல்லூரியில் மூன்றாம் வருடம் வடிவமைக்கச் சொல்லி எனக்கு வந்த சைட் முழுக்கப் புல்தரையாக வரைந்து வைத்திருந்தேன். ஜூரிக்கு, அதாவது வரைந்ததை மதிப்பிட, வந்த ஆசிரியர் கேட்டது ஒன்றுதான்: "சித்திரை வெயில்ல இதுக்குத் தண்ணி எங்கேயிருந்தும்மா வரும்?" என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி அப்பத்தாவுக்குப் போன் போட்டு, நம்ம ஊருணிக் கரையில் முன்னே என்னென்ன மரம் நின்றது என்று கேட்டேன். "தண்ணிகிட்ட மருது, கொஞ்சம் மேல புங்கு, மேட்டுல வேம்பு, இது கூடத் தெரியாதா ஆத்தா?" என்றார். அதையே வரிசையாக வைத்து அந்த சைட்டை மறுபடி வரைந்தேன். இன்றைக்கும் நடவுப் பட்டியல் போட உட்கார்ந்தால் முதலில் தண்ணீரிலிருந்து மேட்டுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் மரத்துக்குப் போவேன்.

அதனால் மரங்களைத் தமிழ்ப் பெயரோடும் தாவரவியல் பெயரோடும் சேர்த்தே படியுங்கள், மருதம் என்றால் டெர்மினாலியா அர்ஜுனா என்று வாயில் வர வேண்டும். எது எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். சிவன் கோயில்களில் பார்க்கிற நாகலிங்க மரம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, கண்மாய்களை அடைத்து நிற்கிற சீமைக் கருவேலமும் அந்தப் பக்கத்து மரம்தான். ஒரு நாள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் போய் வாருங்கள். பறவைகள் மிரளக் கூடாது என்று பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒரு கண்மாயை வரையும்போது அதில் வந்து தங்குகிற உயிர்களுக்கும் இடம் விட வேண்டும் என்று அங்கே போனால் பாடம் எடுக்காமலே புரியும்.

ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் மாதிரி வரைகிற மென்பொருள் எல்லாம் கல்லூரியில் தானாக வந்துவிடும், இப்போதே பணம் கட்டி கிளாஸ் போக வேண்டாம். நிலவரைபடம் போடுகிற கியூஜிஐஎஸ் இலவசம், நேரம் இருந்தால் அதை மட்டும் இறக்கிப் பாருங்கள். டெல்லி போக வாய்த்தால் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் முகமது ஷஹீர் வடிவமைத்த சுந்தர் நர்சரி பூங்காவில் ஒரு முழு நாள் இருங்கள்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்கிற அன்று குடையை எடுத்துக்கொண்டு, நீங்கள் வரைந்த தாளோடு அதே தெருவுக்குப் போங்கள். தண்ணீர் எங்கே உங்கள் கோட்டை விட்டு விலகி ஓடுகிறதோ அங்கே சிவப்புப் பேனாவால் திருத்தி, தேதி போட்டு வையுங்கள். முதுநிலை நேர்காணலுக்குப் போகும்போது போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலைகளின் தொகுப்பில்) அந்தத் தாளை முதல் பக்கமாக வையுங்கள்.