செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி வரை கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவில்லை என்றதும் செல்ஃப் மோட்டார் போச்சு என்று முடிவுகட்டி, புது மோட்டாருக்குப் பணம் எடுத்து வைக்காதீர்கள். நம்ம ஊர் உப்புக் காற்றில் மோட்டாருக்கு முன்னாடியே ஒயரும் டெர்மினலும் கெட்டுவிடும். செல்ஃப் அடிக்கிற அந்த ஒன்றிரண்டு நொடியில் சாதாரண காரே 100, 200 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு கரண்ட் போகிற வழியில் லேசாகக் களிம்பு ஏறியிருந்தாலும் மோட்டாருக்கு வேண்டியது வந்து சேராது.

கையில் ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். 12.2க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு அப்புறம் பாருங்கள். சார்ஜ் நன்றாக இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல்தான் முதல் சந்தேகம். சத்தமும் துப்புக் கொடுக்கும்: 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியோ டெர்மினலோதான், ஒரே ஒரு 'டக்' என்றால் சொலினாய்டோ (மோட்டார் மேலிருக்கும் பெரிய சுவிட்ச்) கார்பன் பிரஷ்ஷோ (மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டை), மோட்டார் மட்டும் 'வீ' என்று சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் பென்டிக்ஸ், அதாவது மோட்டார் பல்லை இன்ஜின் பல்லோடு சேர்க்கிற பாகம்.

எர்த் ஒயரைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகிற ஒயர்தான் அது. வெளியே ரப்பர் உறை புதுசு போலவே இருக்கும். ஒயர் நுனியில் லக் (போல்ட்டில் மாட்டுகிற வளையம்) சேருகிற இடத்தில் உறையைக் கொஞ்சம் விலக்கினால் செம்பு இழைகள் பச்சை பூத்துப்போய், நகத்தால் சுரண்டினாலே பொடிப்பொடியாகக் கொட்டும். தனுஷ்கோடி ரோட்டில் அடிக்கடி போய்வருகிற வண்டி என்றால் இதைப் பார்க்காமல் விடவே கூடாது. சோதிப்பது எளிது. கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, ஒரு ஜம்பர் கேபிளைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டி செல்ஃப் அடியுங்கள். வண்டி எடுத்துவிட்டால் எர்த் ஒயரை மாற்றினால் போதும், மோட்டாரைத் தொடவே வேண்டாம். மீட்டரில் பார்ப்பதென்றால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பாசிட்டிவுக்கும் மோட்டாரின் பெரிய ஸ்டட்டுக்கும் (பெரிய ஒயர் மாட்டுகிற மரைக் கம்பி) நடுவே 0.5 வரை சரி.

இதெல்லாம் நன்றாக இருந்து, பேட்டரியும் புதுசாக இருந்து, அப்பவும் எடுக்கவில்லை என்றால் சரி, பெரும்பாலும் மோட்டார்தான். கழற்றலாம்.

முதல் வேலை பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைப்பது. மோட்டாருக்கு வரும் பெரிய ஒயரில் சாவி போட்டாலும் போடாவிட்டாலும் எப்போதும் கரண்ட் இருக்கும், பெரும்பாலான கார்களில் ஃபியூஸும் கிடையாது. ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் ஸ்பேனரே பழுத்துவிடும். மோட்டார், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் இருக்கும். சில காரில் மேலிருந்தே கை எட்டும், சிலதில் அடியில்தான் படுக்கணும். அப்படிப் படுப்பதானால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம், மணல் தரையில் வேண்டவே வேண்டாம். நம்ம வீட்டு முற்றம் பாதி மணல்தான், அதனால் சிமென்ட் தளம் உள்ள இடம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் ஆறியிருக்கவும் வேண்டும்.

சின்ன ஒயரையும் பெரிய ஒயரையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட், பெரும்பாலும் இரண்டு, சிலதில் மூன்று. போல்ட் இரும்பு, அது ஏறியிருப்பது அலுமினிய ஹவுசிங், நடுவில் உப்பு ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குகிற ஆயில் அடித்து வையுங்கள். காலையில் லேசாக இறுக்குகிற பக்கம் ஒரு தட்டு, அப்புறம் கழற்றுகிற பக்கம். நீளமான பைப் மாட்டி முரட்டுத்தனமாக இழுத்தால் போல்ட் தலை போய்விடும், அல்லது அலுமினியத்தில் மரை போய்விடும், அதற்கு ஆகிற செலவு மோட்டாரை விடப் பெரிசு. கடைசி போல்ட் வரும்போது ஒரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ளுங்கள், மூன்று நாலு கிலோ இருக்கும், முகத்துக்கு நேரே விழும்.

புதுசைப் பழசுக்குப் பக்கத்தில் வைத்துப் பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, நீளம் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். சிக்னலில் தானாக நின்று எடுக்கிற வசதி உள்ள காருக்கு வேறு மோட்டார், சாதாரணமானதை மாட்டாதீர்கள். மோட்டார் எடுத்த ஓட்டை வழியே டார்ச் அடித்து ஃப்ளைவீல் (மோட்டார் சுற்றிவிடுகிற இன்ஜின் சக்கரம்) பல்லையும் பார்த்துவிடுங்கள். பல் தேய்ந்திருந்தால் புது மோட்டாரும் கரகரக்கத்தான் செய்யும்.

மாட்டும்போது, மோட்டார் போய் உட்காருகிற முகப்பை எமரி பேப்பரால் பளிச்சென்று தேய்க்கணும். பெரும்பாலான கார்களில் மோட்டாருக்கு எர்த் அந்த முகப்பு வழியாகத்தான் கிடைக்கிறது, அங்கே பெயின்ட், கிரீஸ் எதுவும் கூடாது. போல்ட் மரையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். பெரிய ஸ்டட் நட்டை அளவாக இறுக்குங்கள், ஸ்டட் சேர்ந்து சுற்றினால் சொலினாய்டு மூடி உடைந்துவிடும். ஒயரெல்லாம் மாட்டி முடித்து, இறுக்கிய பிறகு டெர்மினல் மேல் வாசலின் பூசி, நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள்.

பழைய மோட்டாரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் பிரஷ் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துச் சொல்வார், மாற்றி வைத்துக்கொண்டால் ஸ்பேர் ஆகிவிடும்.